அம்மன் அளவு

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் பெரிய ரவிக்கைக்கு ‘அம்மன் அளவு’ என்று ஒரு பெயர் இருந்தது. துணிக்கடைக்காரர்களே அப்படித்தான் சொல்வார்கள். சின்ன அளவா, நடு அளவா, அம்மன் அளவா என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்கள். வாங்க வருகிற பெண்களும் கூசாமல் ‘அம்மன் அளவு’ என்று சொல்லி வாங்கிப் போவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது என் உடம்பால் வந்த பெயர்.

நான் அப்போது ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்பே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாக மலை ஏறுவோம். மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிகிற பாலை வாளியில் சேர்த்து, மத்தியானத்துக்குள் ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அந்த வேலை செய்கிறவர்கள் உடம்பில் சதை நிற்காது. எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தோள் எலும்பு தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அவர்களுக்கு அளந்த அரிசிதான் எனக்கும் அளந்தார்கள். அவர்கள் தின்ற ரொட்டியும் சம்பலும்தான் நானும் தின்றேன். அப்பா வழியில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். தண்ணீர் குடித்தாலும் உடம்பில் ஒட்டும்.

ஆனால் பட்டினி கிடக்கிற இடத்தில் ஒருத்தி மட்டும் பருமனாக இருந்தால் சும்மா விடுவார்களா? பீலிக்கரையில் குளிக்கப் போனால் ஒருத்தி ஆரம்பிப்பாள்.

“ஏன்டி, கணக்கப்பிள்ள ஒனக்கு மட்டும் தல தட்டாம அளக்குறாரோ?”

“ஆமா, ஒம் பங்கையும் சேத்துத்தான் அளக்குறாரு. போய்க் கேளு” என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் மட்டும் இல்லாமலிருந்தால் அந்த லயத்தில் என்னால் காலம் தள்ளியிருக்க முடியாது. ஆனாலும் குளித்துவிட்டு வரும்போது ஈரச் சீலையை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல்தான் வருவேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய கங்காணியின் சம்சாரம் என்னைப்போலவே பெருத்தவள். அவள் நடந்து வந்தால், “மகாலட்சுமி வர்றாப்ல இருக்கு” என்று அதே பீலிக்கரைப் பெண்கள் சொல்வார்கள். அவள் உடம்பு லட்சுமி, என் உடம்பு களவு. அப்படி ஒரு நியாயம் அங்கே இருந்தது.

எங்கள் அம்மா காலத்தில் தோட்டத்துப் பெண்கள் ரவிக்கை போட்டதில்லை. சீலையை இழுத்துச் சுற்றிச் சொருகினால் உடுத்தியது முடிந்தது. என் காலத்தில் இளவயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ரவிக்கைக்கு மாறினார்கள். தீபாவளிக்குக் கங்காணி தருகிற சீலையோடு ஒரு கெஜம் ரவிக்கைத் துணியும் வரும். எல்லோருக்கும் ஒரே கெஜம். அந்தக் கெஜத்தில் எனக்கு ஒரு பக்கம்தான் தேறும்.

இரண்டு வருஷத் துணியைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருதடவை கடைத்தெருவில் தையற்காரரிடம் போனேன். ஆம்பிளைத் தையற்காரர் பெண்பிள்ளை உடம்பில் நாடா வைத்து அளக்க மாட்டார். போட்டுப் பழகின பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதை மேசையில் விரித்து அளந்து புதியது தைப்பார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்.

“அளவு ரவுக்க எங்க?” என்றார்.

“இல்லீங்க. இதுதான் மொத ரவுக்க.”

“அளவு இல்லாம எப்பிடித் தைக்கிறது?”

ரவிக்கை தைக்க ரவிக்கை வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்? என்னையொத்த உடம்பு கங்காணியம்மா ஒருத்திக்குத்தான். அவள் ரவிக்கையைக் கேட்டு வாங்குகிற தைரியம் தோட்டத்தில் யாருக்கு உண்டு? வீட்டுக்கு வந்து நானே கையால் தைத்தேன். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நல்லவர், சிரிக்காமல் வெளியே போய் நின்றுகொண்டார். வெளியே போய்த்தான் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகு ரவிக்கை ஆசையையே விட்டுவிட்டேன். காய்ச்சல் வந்திருக்காவிட்டால் அதோடு முடிந்திருக்கும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆறு வற்றிப் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கியது. கொசு பெருகி, நாட்டுப்புறமும் தோட்டமும் ஒன்றாகக் காய்ச்சலில் விழுந்தன. எங்கள் லயத்தில் காய்ச்சல் வந்த பிள்ளைகள் எல்லாம் குச்சியாகிப் போனார்கள். சிலரைப் புதைக்கத் தூக்கிக்கொண்டு போனோம். என் மகளுக்கு அப்போது பால்பல் விழவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து உதறும். கொய்னா மருந்தைக் கசப்பென்று துப்புவாள். பாயில் போட்டால் அழுவாள். என் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டால் மட்டும் உதறல் அடங்கித் தூங்குவாள். நாள் கணக்கில் நான் மல்லாந்தே கிடந்தேன். என் சூடு அவளுக்குப் போகிறதா, அவள் சூடு எனக்கு வருகிறதா என்று தெரியாது. இந்த உடம்பு ஒரு வேலைக்கு ஆகிறது என்று முதல்முறையாக நினைத்தேன். அப்படிக் கிடந்தபடியேதான் மாரியம்மனிடம் சொன்னேன்: “இவளக் குடுத்துரு தாயி, என் தலையில பால்குடம் வச்சு நடந்து வர்றேன்.”

கொடுத்துவிட்டாள். பிள்ளை எழுந்து ஓடினாள். நான் கொடுத்த வாக்கு பாக்கி நின்றது.

திருவிழா நெருங்கும்போது கங்காணியம்மா ஒரு சட்டம் போட்டாள். அந்த வருஷம் துரையும் துரைசாணியும் திருவிழா பார்க்க வருகிறார்களாம், படம் பிடிப்பார்களாம். ரவிக்கை இல்லாமல் எவளும் பால்குடம் தூக்கக் கூடாது. “நம்ம தோட்டத்து மானம் போயிரக் கூடாதுல்ல?” என்றாள். கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலை மட்டும் ஆடவில்லை.

“ஒந் தங்கச்சி தூக்கட்டுமே” என்றார் வீட்டுக்காரர்.

“என் தலையின்னு சொல்லிட்டேனுங்க. அவ தலைய எப்பிடிக் குடுக்குறது?”

பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால்கூட இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதே சமயத்தில்தான் கோயிலுக்குப் புதுச் சிலை வந்தது. அதுவரைக்கும் எங்கள் மாரியம்மன் ஒரு கல்லும் ஒரு சூலமும்தான். கங்காணி இந்தியாவிலிருந்து சிலை செய்து வரவழைத்திருந்தார். சின்ன ரயிலில் வந்து இறங்கிய பெட்டியைப் பார்த்துத் தோட்டமே வாயைப் பிளந்தது. அலமாரி உயரம். கம்பு கட்டி ஆட்கள் மாறி மாறித் தூக்கி வந்தார்கள். திருவிழா நாளில்தான் திரை விலகும் என்று அதுவரை யாருக்கும் காட்டவில்லை. அம்மன் எவ்வளவு பெரியவளாக இருப்பாள் என்று லயம் லயமாகப் பேச்சு.

பெட்டி வந்த வார ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். ஒரு துணிக்கடை வாசலில், கம்பிலே கைகளை விரித்து மாட்டி, ஒரு ரவிக்கை தொங்கியது. செக்கச் சிவந்த பட்டு மினுக்கம், கையோரத்தில் மஞ்சள் கரை. அவ்வளவு பெரிய ரவிக்கையை நாங்கள் யாரும் கண்டதில்லை. காற்று புகுந்து உள்ளே ஆள் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றது. எங்கள் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

“அம்மனுக்கு வந்திருக்கு” என்றாள் ஒருத்தி.

வேறு யாருக்கு இருக்க முடியும்? அந்தப் பெட்டியும் இந்த ரவிக்கையும் சேர்ந்தால் கணக்குச் சரியாக இருந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். வீதியில் போன சிங்களப் பெண்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டு, “பத்தினி தெய்யோவுக்கா?” என்று தங்கள் கண்ணகியம்மனைச் சொல்லிக் கேட்டு அவர்களும் கும்பிட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு அதன் கீழே பூக்கள் கிடந்தன.

நானும்தான் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு என் கண் ஒரு காரியம் செய்தது. தோளிலிருந்து தோள், கழுத்திலிருந்து இடுப்பு என்று அதை அளந்து பார்த்து, ‘எனக்குச் சேரும்’ என்றது. அம்மன் உடுப்பில் என் உடம்பை வைத்துப் பார்த்துவிட்டேனே என்று பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் வீடு வரும் வரைக்கும் உள்ளுக்குள்ளே இன்னொன்றும் ஓடியது. சாமி என் அளவா? அந்த நினைப்பு எனக்குப் பயமாகவும் இருந்தது, சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு தனியாகப் போனேன். கோயிலில் திரை போட்டிருந்தது, கங்காணியம்மா கண்ணும் இருந்தது. அதனால் அம்மனிடம் பேச அந்த ரவிக்கையை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை. கடைப்படியில் ஒரு வெற்றிலையை வைத்து, அதன்மேல் கற்பூரம் ஏற்றி, “தாயி, நான் வாக்குத் தப்புறவ இல்ல. எனக்கு ரவுக்க இல்ல. புள்ளமேல கோவிச்சுக்காத” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து முஸ்லிம் முதலாளி செம்புத் தண்ணீரோடு பாய்ந்து வந்தார். கற்பூரமும் அணைந்தது, என் முந்தானையும் நனைந்தது.

“என்ன புள்ள செய்ற! துணிக்கடையில நெருப்பு வைக்கிறியே, கடையக் கொளுத்தவா வந்த?”

“மன்னிச்சிருங்க மொதலாளி. அம்மனுக்குத்தான்...”

“எந்த அம்மனுக்கு?”

நான் மேலே காட்டினேன். அவர் ரவிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியில் கிடந்த வாடின பூக்களைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

“அதானா எல்லாரும் வந்து கும்பிடுறீங்க? நான் ஏதோ என்னயத்தான் கும்பிடுறீங்கன்னு நெனச்சிக்கிட்டு ஈந்தேன்” என்று படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். ‘இருந்தேன்’ என்பது அவர்கள் பேச்சில் ‘ஈந்தேன்’. “இது சாமிக்குள்ளது இல்ல புள்ள. மனிசருக்கு உள்ளது. கொழும்பில ரெடியாத் தச்சு வருது. பெருசத் தொங்கவிட்டாத்தான் ரோட்டுக்குத் தெரியும்னு தொங்கவிட்டேன். உள்ளுக்கு இன்னும் பெட்டி நிறைய ஈக்குது.”

“இதே அளவுலயா?”

“இதே அளவிலயும் ஈக்குது.”

நானும் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு அது ஒரு சின்ன விஷயமாகத் தோன்றலாம். உலகத்தில் இந்த உடம்பு எனக்கும் கங்காணியம்மாவுக்கும் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அதிலும் அவளுடையது வரம், என்னுடையது குற்றம். கொழும்பில் முன்பின் தெரியாத யாரோ ஒரு தையற்காரர், என்னைக் கண்ணால் காணாமல், என் அளவில் துணியை வெட்டியிருக்கிறார். ஒன்று அல்ல, பல. வாங்க ஆள் இல்லாமலா தைப்பார்கள்? அப்படியென்றால் கொழும்பில், கேகாலையில், இரத்தினபுரியில், எத்தனை பேர் என்னைப்போல இருக்கிறார்கள்! அவர்களெல்லாம் கையை நீட்டி, பட்டன் மாட்டி, வெளியே நடந்து போகிறார்கள்! கோயில் பெட்டியைப் பார்த்தபோதுகூட நான் அப்படி மலைத்துப் போகவில்லை.

முதலாளி என்னை வீட்டுக்குள்ளே அனுப்பினார். கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. திரையை விலக்கிக்கொண்டு போனால், பாயில் அவர் பெண்சாதி உட்கார்ந்திருந்தார். அந்தக் கடைத்தெரு அவரைக் கண்டதே இல்லை. என் அளவு உடம்பு. போட்டிருந்ததோ வாசலில் தொங்குகிற அதே ரவிக்கை, நிறம் மட்டும் பச்சை.

“வாங்க தங்கச்சி” என்றார். “நான்தான் இவருக்குச் சொன்னது, எங்கட அளவிலயும் எடுத்துட்டு வாங்கண்டு. யாரு வாங்குறதுண்டு கேட்டாரு. மொதல்ல நான் போடுறேன், பொறகு பாருங்கண்டேன்.”

பெட்டியிலிருந்து அதேபோல ஒரு சிவப்பு ரவிக்கையை எடுத்து அவரே எனக்குப் போட்டுவிட்டார். பட்டன் மாட்டினார்.

“கையத் தூக்குங்க.”

நான் தூக்கவில்லை. அக்குளில் நூல் அறுகிற சத்தம் என் காதில் இன்னும் இருந்தது.

“தூக்குங்க தங்கச்சி, ஒண்டும் ஆகாது.”

இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன். குடத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்தேன். நூல் அசையவில்லை. அந்த அம்மா என்னைச் சுற்றிவந்து பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்றார். என் உடம்பைப் பார்த்து ஒருவர் தெய்வத்தின் பெயரைச் சொன்னது அதுதான் முதல்முறை. நான் அழுதுவிட்டேன். கையிலிருந்த காசைக் கொடுத்து ரவிக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன்.

திருவிழாக் காலையில் ஆற்றங்கரையில் பால்குடங்கள் வரிசையாக இருந்தன. நான் சிவப்பு ரவிக்கையோடு போய் நின்றேன். மேளக்காரன் அடிக்கிற கையை நிறுத்தினான். ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள், கும்பிட்ட பிறகுதான் அது நான் என்று தெரிந்து கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

கங்காணியம்மா முன்னால் வந்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

“அம்மனோட ரவுக்கயையா போட்டுக்கிட்டு வந்திருக்க? ஒனக்கு என்ன நெஞ்சழுத்தம்டி! கண்ணு அவிஞ்சு போகும்!”

எல்லோர் கண்ணும் என்மேல். என் மகள் என் சீலையைப் பிடித்துக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் என் வாய் என்னென்னவோ சொல்லியிருக்கும். அன்றைக்கு மெதுவாகத்தான் வந்தது.

“இது அம்மனுக்கு வந்தது இல்லீங்கம்மா. மனுசருக்கு வந்தது. கடையில விக்கிறாங்க, வாங்குனேன். இதே அளவுல இன்னும் இருக்கு. உங்களுக்கும் சரியாச் சேரும்.”

இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்று அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கங்காணியம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். ரவிக்கையின் கையோரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள். அவளும் பெண்பிள்ளைதானே.

“கை எறங்கி இருக்கே, தூக்குனா பிடிக்காதா?”

“பிடிக்காதுங்க.”

“சரி, வரிசையில போ” என்றாள்.

மேளம் தொடங்கியது. வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கி என் தலையில் வைத்தார். இரண்டு கையும் மேலே, முதுகு நேராக, மலைப்பாதையில் நடந்தேன். இரண்டு பக்கமும் நின்றவர்கள் கும்பிட்டார்கள். பாலைக் கும்பிட்டார்களா, ரவிக்கையைக் கும்பிட்டார்களா, என்னைத்தானா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஞாயிறு ஞாயிறாகப் பழகின கை தானாகவே எழுந்தது. அந்த ஏற்றத்தில் எத்தனையோ நாள் வாளியோடு போயிருக்கிறேன், அன்றைக்குப் போல நிமிர்ந்து போனதில்லை. துரைசாணி படம் பிடித்தாள் என்றார்கள், நான் பார்க்கவில்லை.

கடையில் ஒரு ரவிக்கை தொங்கியதால் ஊர் வாய் அடங்கிவிட்டதா என்று கேட்டால், இல்லை. பீலிக்கரைப் பேச்சு பிறகும் இருந்தது. ஆனால் ‘எங்க திருடித் தின்ன’ என்ற கேள்வி குறைந்து, ‘அது அவ அளவு’ என்ற பேச்சு வந்தது. இரண்டுக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் மிச்சமிருந்ததை வாங்கக் கங்காணியம்மா ஆள் அனுப்பினாள். நாட்டுப்புறச் சிங்களப் பெண்கள் வந்தார்கள். எங்கள் மேல் லயத்திலிருந்தே இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அவ்வளவு பருமன் என்று எனக்கே அதுவரை தெரியாது, சீலைக்குள் அப்படி ஒடுங்கி நடந்திருக்கிறார்கள். முதலாளிதான் விளையாட்டாக ‘அம்மன் அளவு’ என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி விளையாட்டுப் போய்ப் பெயர் நின்றுவிட்டது.

அன்றைக்குக் கோயிலில் குடங்களை இறக்கியதும் திரையை விலக்கினார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அவ்வளவு பெரிய பெட்டியில் பாதிக்குமேல் வைக்கோல்தான் இருந்திருக்கிறது. உள்ளே நின்ற அம்மன் என் மகள் உயரம்கூட இல்லை. கறுத்த கல்லில் மெல்லிய தோள், ஒரு பிடி இடுப்பு. அழகான சிலை. பூசாரி ஒவ்வொரு குடமாக ஊற்றினார். என் குடத்துப் பால் அந்தச் சின்னத் தலையில் விழுந்து, மெலிந்த கை வழியாக வழிந்தது. ஈரத் துணி ஒட்டி இடுப்பு இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

என் வாக்கு நிறைவேறிவிட்டது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, அழுதுகொண்டே நின்றேன்.

மகள் என் கையை இழுத்தாள். அவள் முகத்தில் பெரிய கவலை.

“அம்மா, சாமிக்குக் காய்ச்சலா?”

“ஏன்டா?”

“எம்புட்டு ஒல்லியா இருக்கு பாரு. உதறுது.” உண்மையில் விளக்கு வெளிச்சம்தான் பாலில் ஆடியது. அவள் என் வயிற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சாமிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மெல்லச் சொன்னாள்: “ஒம் மேல கொஞ்ச நேரம் படுத்துக்கச் சொல்லும்மா. சரியாப் போயிரும்.”